ராசி டீச்சர்

புவியியல் பாடம் நடத்துகிறவளை யாரும் புவியியல் டீச்சர் என்று கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க அவள் ராசி டீச்சர்தான். புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர், இந்தம்மா கைபட்டால் காரியம் கூடிவரும் போலிருக்கிறது என்று நினைத்து, தன் மகன் பரீட்சைக்குப் போகுமுன் அவளிடம் ஒரு பேனாவைக் கொடுத்துத் தொட்டுத் தரச் சொன்னார். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ராசி வேறு. சண்டை போட்ட பிள்ளைகளை உட்காரவைத்து ராசியாக்கி அனுப்புகிறவள் என்பதால் பிள்ளைகளே வைத்த பெயர் இது.

எல்லாம் ஒரு பல்லில் ஆரம்பித்தது. மேல் வகுப்புப் பையன் ஒருவன் இரும்பு ஸ்கேலால் இன்னொருவன் முகத்தில் அடிக்க, முன்பல் தெறித்துத் தாழ்வாரத்தில் விழுந்தது. அடிபட்டவனின் மாமா ஆள் திரட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். விஷயம் மேலிடம் வரைக்கும் போய், சண்டையைப் புரிந்துகொள்ளவும் தீர்த்துக்கொள்ளவும் வாரம் ஒரு வகுப்பு நடத்தவேண்டும் என்று உத்தரவு வந்தது. யார் நடத்துவது என்று தலைமையாசிரியர் கேட்டதும் ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்தார்கள்.

"எனக்கு வேண்டாம் சாமி," என்றார் கணக்கு வாத்தியார். "வீட்ல சண்டை போடாம இருக்கவே எனக்குத் தெரியல. இங்க வந்து என்னத்தச் சொல்லித் தர்றது?"

அவள்தான் கையைத் தூக்கினாள். யாரும் தள்ளிவிடாமல் தானாகவே தூக்கினாள். அந்த வேலை தனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வேலை என்று அவளுக்குப் பட்டது.

மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த வரைபடங்களும் அச்சு முறிந்த பூமி உருண்டையும் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மூன்று நாற்காலி போட்டாள். அதில் ஒன்று ஆடும். அதைத் தனக்கு வைத்துக்கொண்டாள். வகுப்பில் கரும்பலகை முழுக்க ஓர் ஆறு வரைவாள். "வெள்ளம் எங்க வந்திருக்கு?" என்று கேட்பாள். பிள்ளைகள் ஆற்றின் கடைசியைக் காட்டுவார்கள். "மழை எங்க பெஞ்சுது?" என்பாள். விரல்கள் மெல்ல மேலே மலைக்கு நகரும். "அவ்வளவுதான். அடிதடி கீழ நடக்குது. அதுக்கான மழை எப்பவோ, எங்கயோ பெஞ்சிருக்கு. அதைத் தேடிப் போகணும்."

சண்டை போட்டவர்கள் அந்தச் சின்ன அறைக்கு வரவேண்டும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக்கூடாது. பிறகு எதிராளியின் கட்சியை இவர் சொல்லவேண்டும், எதிராளியே "ஆமா, அதான்" என்று தலையாட்டும்வரை. கடைசியில் கை குலுக்கிவிட்டு வெளியே போகலாம். விளையாட்டாகத்தான் பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் விஷயம் பலித்தது. முன் பெஞ்சில் உட்காரும் இடத்துக்காகத் தினமும் மல்லுக்கட்டிய இரண்டு பையன்களில் ஒருவனுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி போட வெட்கப்பட்டுத்தான் முன்னால் இடம் பிடித்தான் என்று அந்த அறையில்தான் வெளிவந்தது. மற்றவன் வாயைப் பிளந்துவிட்டான். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நானே எழுந்திருப்பேனேடா!"

டீச்சரிடம் இன்னொரு கைவித்தையும் இருந்தது. கடுமையான ஒரு வார்த்தையை ஒரு காதில் வாங்கினால், வாயிலிருந்து அது வேறாகத்தான் வெளியே வரும். "இவன் ஒரு திருட்டுப்பய டீச்சர்," என்று ஒருவன் கத்துவான். அவள் அடுத்தவனிடம் திரும்பி, "உன்னை ரொம்ப நம்பியிருந்தான், அதான் மனசு விட்டுப்போச்சுங்கறான்," என்பாள். கத்தியவனுக்கே தான் அதைத்தான் சொன்னோமோ என்று தோன்றிவிடும். அவன் குரல் இறங்கும். இதை எந்தப் பயிற்சியிலும் அவள் கற்கவில்லை. அவளைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு வாத்தியார், "ஒருநாள் எங்க வீட்டுக்கும் வந்து எங்க ரெண்டு பேரையும் கை குலுக்க வெச்சிட்டுப் போங்களேன்," என்று கெஞ்சுவது வழக்கமாகிப்போனது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "நாலு பேர் சண்டையைத் தீக்கறதுக்கே நேரம் இல்ல, சொந்தமா ஒண்ணு வேற எதுக்கு?" என்று சிரித்து மழுப்புவாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, வாடகைக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் அவளும் அம்மாவுமாக இருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி; படி இறங்குவது அபூர்வம். ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே பேருந்து நிறுத்தத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று மகளுக்குச் சொல்வதுதான் அம்மாவின் பொழுது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள்.

ஒருத்தி தையல்காரரின் மகள். அதிகம் பேசமாட்டாள். சீருடை எப்போதும் அளவெடுத்த மாதிரி இருக்கும், அவளே தைப்பது. இன்னொருத்தியை எல்லோரும் சுருட்டை என்பார்கள், தலைமுடி அப்படி. சுருட்டை யாரை வேண்டுமானாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். தலைமையாசிரியர் தும்முவதை அவள் செய்தால் தலைமையாசிரியரே திரும்பிப் பார்ப்பார். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் தையல்காரர் மகள் சுருட்டையைப் படிக்கட்டில் பிடித்துத் தள்ளிவிட்டாள். சுருட்டையின் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

டீச்சர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். சுருட்டை அழுதுகொண்டே பேசினாள். தான் வகுப்பில் ஏதோ நடித்துக் காட்டியதாகவும், அதில் இவளுக்குக் கோபம் வந்துவிட்டதாகவும், ஆனால் தான் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றும் சொன்னாள். உதட்டில் பஞ்சு வைத்திருந்ததால் பாதி புரியவில்லை.

"இப்ப நீ சொல்லும்மா. ஏன் தள்ளின?" என்றாள் டீச்சர்.

தையல்காரர் மகள் பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். "ஒண்ணும் இல்ல டீச்சர். என் தப்புதான்."

"ரெண்டு பேர் மேலயும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கு. இல்லையா?"

"ஆமா டீச்சர்."

"அப்ப ராசியாகிடலாமா?"

அந்தப் பெண் கையை நீட்டினாள். சுருட்டை அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இவ்வளவு சீக்கிரம் முடிந்த சண்டை வேறில்லை என்று டீச்சருக்குச் சந்தோஷம். படிக்கட்டில் ரத்தம் சிந்தியது கீழே வந்த வெள்ளம்தானே, மலை எங்கே என்று அன்றைக்கு அவள் தேடவில்லை. தேடவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். மேலிடத்து அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"சும்மா மைக் பிடிச்சுப் பேசினா யார் கேக்கறாங்க டீச்சர்? செஞ்சு காட்டணும். நிஜமாவே சண்டை போட்டு நிஜமாவே ராசியான பிள்ளைங்க ரெண்டு பேரை மேடையில ஏத்துங்க. உங்க வகுப்புக்கும் பேர், பள்ளிக்கூடத்துக்கும் பேர்."

சுருட்டை கேட்டதுமே துள்ளினாள். தையல்காரர் மகள், "நீங்க சொன்னா சரி டீச்சர்," என்றாள். டீச்சர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மேடையில் எல்லாம் ஒத்திகை பார்த்தபடியே நடந்தது. தள்ளுவதுபோல் தள்ளினார்கள், நாற்காலியில் உட்கார்ந்து மாறி மாறிப் பேசினார்கள், கை குலுக்கினார்கள். கைதட்டல் அடங்கியதும், முன் வரிசையில் இருந்த அதிகாரி எழுந்து, நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார்: "சரி, உயிர்த் தோழிங்களுக்குள்ள அப்படி என்னதான் சண்டை?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. சுருட்டைக்கு மேடை என்றால் தண்ணீர் பட்ட பாடு, சட்டென்று சொல்லிவிட்டாள். "இவங்க அப்பா தண்ணி போட்டுட்டு எப்படி நடப்பாருன்னு நடந்து காட்டினேன் சார். அதுக்குத்தான். இப்ப பழம் விட்டாச்சு!"

மண்டபம் சிரித்தது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. மேடையில் நின்ற தையல்காரர் மகளும் சிரித்தாள். டீச்சர் பக்கவாட்டில் நின்று தானும் கைதட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அதற்குள் அதிகாரி மேடைக்கு வந்து அவளுக்குக் கை கொடுத்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் டீச்சர் விசாரித்துக்கொண்டு தையற்கடைக்குப் போனாள்.

ரொட்டிக் கடைக்கும் சாவி வெட்டுகிறவன் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான கடை. வாசலில் முடித்து வைத்த திரைச்சீலைகள் தொங்கின. தையல்காரர் கழுத்தில் டேப்போடு எழுந்து நின்றார். மெலிந்த மனிதர். ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. பொண்ணுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. வந்துடுவா. இருங்க, டீ சொல்லிட்டு வர்றேன்."

அவர் வெளியே போனதும், உள்ளே திரைக்குப் பின்னால் இருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். மடியில் ஒரு சட்டை. இடது கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. கன்னத்தின் ஓரம் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருந்தது.

எதையாவது கேட்கவேண்டுமே என்று டீச்சர், "சுருட்டை வந்தாளா?" என்றாள்.

"தெனமும் வர்றா டீச்சர். மன்னிப்புக் கேக்கறா. கேக்கும்போதே அழுதுடறா. நான்தான் ஆறுதல் சொல்லி அனுப்பி வெக்கறேன்."

"ஏம்மா, அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

அந்தப் பெண் பொத்தானில் நூலை இழுத்துக் கட்டினாள். "நீங்க கேக்கலயே டீச்சர்."

"கேட்டேனேம்மா. ஏன் தள்ளினன்னு கேட்டேன்."

"கேட்டீங்க. அவ பக்கத்துல உக்காந்திருக்கும்போது கேட்டீங்க. அவகிட்ட நம்பிச் சொன்ன விஷயத்த அவ ஊருக்கே காட்டிட்டா. அதை மறுபடி நான் என் வாயாலயே அவ முன்னாடி சொல்லணுமா?" கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். "அப்புறம், உங்களுக்கு சீக்கிரம் முடியணும்னு இருந்துது டீச்சர். முகத்துல தெரிஞ்சுது. சரி, முடிச்சுக் குடுத்துடலாம்னு நெனச்சேன்."

தையல்காரர் டீயோடு வந்துவிட்டார். பெண் திரைக்குப் பின்னால் போனாள். டீச்சர் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படியோ தைரியத்தைக் கூட்டி, "பொண்ணை அடிக்காதீங்க," என்றாள்.

அவர் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலைநிமிராமல் பேசினார்.

"அன்னைக்குக் கடையைப் பூட்டிட்டு வந்தேன் டீச்சர். என் பொண்ணு மேடை ஏறுதேன்னு. பின்னாடி, கதவோரமா நின்னுக்கிட்டிருந்தேன். எனக்குப் பக்கத்துல நின்னவன் சிரிச்சான் பாருங்க, நான் யாருன்னு தெரியாமலே என் தோள்ல தட்டிச் சிரிச்சான்." சக்கரம் நின்றது. "நான் செஞ்சது தப்புதான். இல்லேங்கல."

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தாள். எந்த வார்த்தையை எந்த வார்த்தையாக மாற்றி யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சும்மா இருந்துவிடவில்லை. பிள்ளைகள் நல அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். ஒரு பெண் அதிகாரி கடைக்கு வந்து விசாரித்தாள். கீழே விழுந்துவிட்டேன் என்று தையல்காரர் மகள் சாதித்துவிட்டாள். கொஞ்ச நாளில் வேறு ஊரில் இருந்த அத்தை வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாக சுருட்டை வந்து சொன்னாள். படிப்பு அத்தோடு போனது. சுருட்டை அதற்குப் பிறகு யாரையும் நடித்துக் காட்டவில்லை. பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள்.

டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் மாலை விளக்குப் போடும் நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? தட்டுல போட்டது போட்டபடி இருக்கு."

நடந்ததை அவள் முழுக்கச் சொன்னாள். சொல்லி முடித்து, "நான் இந்த வேலைக்கு லாயக்கே இல்லம்மா," என்றாள்.

"யார் சொன்னது?" அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ லாயக்கு இல்லன்னா வேற யாரு லாயக்கு? எங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சவளே நீதானடி."

அவள் வளர்ந்தது, அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருந்த வீட்டில். அப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிற வேலை. வாயைத் திறந்தால் தேள் கொட்டும். அம்மா கல்யாணத்துக்கு முன் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள்; ஊரெல்லாம் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டில் இணைப்புக் கிடைக்கவில்லை. முன்னறையிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து முன்னறைக்கும் சேதி கொண்டுபோனது மகள்தான். 'அந்தப் பொம்பளகிட்ட சொல்லு' என்று அங்கே கிளம்பும் சேதி, 'அம்மா, அப்பா கேக்கறாரு' என்று இங்கே வந்து சேரும். நடைபாதையின் அந்த நாலு எட்டுக்குள் வார்த்தையின் முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடக் கற்றிருந்தாள் அந்தச் சிறுமி.

"உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ," என்றாள் அம்மா. "நான் ஒருநாள் பெட்டியே கட்டிட்டேன். உங்க பெரியம்மா ஊர்ல, தொலைபேசி நிலையத்துலயே எனக்கு வேலை சொல்லி வெச்சிருந்தா. உன்னையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பறதுன்னு முடிவு பண்ணி, உங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லுன்னு உன்னைத்தான் அனுப்பினேன். நீ போயிட்டு வந்து சொன்ன. 'அப்பா கோவத்துல ஏதேதோ பேசிட்டாராம். நீ போயிட்டா வீடு வீடாவே இருக்காதுங்கறாரு'ன்னு." அம்மாவின் குரல் இளகிவிட்டது. "அந்த ஒரு வார்த்தை. அதுக்காகத்தான் பெட்டியைப் பிரிச்சேன். அதுக்கப்புறம் எத்தனையோ பேசினாரு, எத்தனையோ பட்டேன். ஆனா உள்ளுக்குள்ள அப்படி ஒண்ணு இருக்குல்ல, வெளிய காட்டத் தெரியாத மனுஷன்னு நெனச்சு நெனச்சுத்தான் காலத்த ஓட்டினேன்."

மகளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது. அப்பா ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "போகட்டுமே. சனியன் தொலைஞ்சுதுன்னு நிம்மதியா இருப்பேன்," என்றார். அந்த 'வீடு வீடாவே இருக்காது' அவளுடையது. பள்ளிக்கூடத்தையும் எதிர்வீட்டுத் தோழியையும் விட்டுப் போகப் பயந்த ஒரு குழந்தை நடைபாதையில் நின்று யோசித்துக் கண்டுபிடித்த வாக்கியம். எத்தனையோ வார்த்தைகளை மாற்றியிருக்கிறாள், அவற்றில் இதுவும் ஒன்று என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அதன்மேல் ஒருத்தி வாழ்க்கையையே கட்டியெழுப்பியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது.

"சாப்பிடு," என்றாள் அம்மா. அவள் சாப்பிட்டாள்.

பள்ளியில் அவள் முதலில் செய்தது, கை குலுக்கலை எடுத்தது. ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்ட பிறகுதான் சேர்த்து உட்காரவைப்பது, ராசியாக மனமில்லாதவர்கள் ராசியாகாமலே எழுந்து போகலாம் என்று மாற்றினாள். தலைமையாசிரியர் பதறிவிட்டார்.

"என்ன டீச்சர் இது? அப்ப சண்டை தீந்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்? மேல கேட்டா என்ன சொல்றது?"

"தீரலன்னு சொல்லுங்க சார். அடிச்சுக்காம இருக்காங்க, ஆனா தீரலன்னு சொல்லுங்க."

"அதை யாராவது சொல்வாங்களா?"

அந்த வருடமே வகுப்பைப் பாடவேளையிலிருந்து எடுத்து, விருப்பப்பட்டவர்கள் மாலையில் இருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். வருகிறவர்கள் குறைந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் மறுபடியும் பழைய பெஞ்சுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அதற்கு நடுவிலேயே நாற்காலிகளைப் போட்டுக்கொண்டாள். வருகிறவர்களிடம் அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அவன் சொன்னதை நீ சொல்லும்போது, அவன் சொன்ன வார்த்தையையே சொல்லு. கசந்தாலும் மாத்தாத." ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அம்மாவிடம் தான் மாற்றிச் சொன்ன அந்த வாக்கியம் நினைவுக்கு வரும்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்வதைப் பல மாதம் இழுத்துக்கொண்டு போனாள். வயதான காலத்தில் அம்மாவின் கையில் இருக்கிற ஒன்றையும் பிடுங்குவானேன் என்று ஒரு மனது. ராசியாக்குவதற்காகச் சொன்னது பொய் என்றால், அதைக் கட்டிக் காப்பதும் அதே பொய்தானே என்று இன்னொரு மனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை இருவருமாக மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

அம்மா கையில் இருந்த துண்டை மடித்து முடித்தாள். "அப்ப அவர் நிஜமா என்ன சொன்னாரு?"

"வேண்டாம்மா."

"என்ன சொன்னாருன்னு கேட்டேன்."

அவள் சொன்னாள். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அம்மா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "எனக்கு அப்பவே தோணியிருக்கணும். அந்த வாயில 'வீடு வீடா இருக்காது'ன்னு வருமா? சனியன்னா சொன்னாரு? ஆமா, அதுதான் அவர் பேச்சு." இன்னொரு துணியை எடுத்தாள், மடிக்காமல் வைத்தாள். "ஒரு பத்து வயசுப் பொண்ணு பேச்சைக் கேட்டு ஒரு ஆயுசையே குடுத்திருக்கேன்."

"அம்மா, நான்..."

"நீ குழந்தை. தெரியும். உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. அதான்டி எனக்கு ஆத்திரமா வருது. யாரையாவது குத்தம் சொல்லணும், சொல்ல ஆளில்ல."

அதற்குப் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், ஆனால் பேருந்து நிறுத்தத்தில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பழைய அமைதி மறுபடியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தமுறை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குச் சேதி கொண்டுபோகவும் ஆளில்லை. ஊரார் பிள்ளைகளின் சண்டையெல்லாம் தீர்த்தவள், மாலை வீடு திரும்பினால் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

மௌனம் உடைந்தது ஓர் அற்ப விஷயத்தில். குளியலறைக் குழாயை அவள் சரியாக மூடாமல் போய்விட்டாள். அன்றைக்கு அம்மா பிடித்துக்கொண்டவள் விடவேயில்லை. குழாயில் ஆரம்பித்து, மகள் கல்யாணம் செய்யாதது, வாடகை வீட்டின் படிக்கட்டு, தொலைபேசி நிலையத்தில் தன்னோடு இருந்தவர்கள் எல்லாம் இன்றைக்கு ஓய்வூதியம் வாங்குவது வரைக்கும் போனாள். குரல் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். டீச்சருக்குப் பழக்கதோஷத்தில் இதமாக ஏதோ வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, கேட்டாள். சில இடங்களில் திருப்பிக் கத்தவும் செய்தாள். அவளுக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்தில் நடுவில் ஆளில்லாமல் இரண்டு பேர் நேருக்கு நேர் போட்ட முதல் சண்டை அதுதான். அது முடிந்ததும் எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அன்றிரவுச் சாப்பாட்டின்போது அம்மா, "உப்பு பத்தல," என்றாள்.

அந்த வருட விடுமுறையில் அம்மா பெரியம்மா ஊருக்குப் போகவேண்டும் என்றாள். பெரியம்மாவுக்கும் வயதாகிவிட்டது, தனியாகத்தான் இருந்தாள், தரைத்தளத்து வீடு. "கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்," என்றுதான் அம்மா சொன்னாள். டீச்சர் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. எப்போது திரும்புகிறாய் என்று அவள் கேட்கவில்லை. வருகிறேன் என்று அம்மாவும் சொல்லவில்லை. பொங்கி வைத்தால் ஒருத்திக்கு எவ்வளவு என்று அவளுக்குக் கைக்கணக்கு வரச் சில மாதங்கள் பிடித்தன. ஜன்னலோர நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன.

வாரக் கடைசியில் தொலைபேசியில் பேசுவார்கள். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பெரியம்மாவோடு தினமும் தெருமுனை வரை நடக்கிறாள். அன்றைக்குத் தனக்கு வேலை சொல்லி வைத்திருந்த அந்தத் தொலைபேசி நிலையக் கட்டிடத்தை இடித்துவிட்டு வண்டிகள் நிறுத்த இடமாக்கிவிட்டார்களாம். அதைச் சொன்ன அன்றைக்கு அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

"இருக்கியாம்மா?" என்றாள் மகள்.

"இருக்கேன்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இங்க பாரு, எனக்கு உன் மேல கோவம் இன்னும் போகலடி. போகும்னு பாத்தேன், போகல."

"சரிம்மா."

"என்ன சரி? போகவே இல்லன்னா என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ சொல்லு, கேட்டுக்கறேன்."

அந்தப் பக்கத்தில் பெரியம்மா யாரோடோ பேசுவதும், ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு மெதுவாக, கல்யாணமாகி வந்த முதல் வருடத்தில் அப்பா தன்னிடம் என்னென்ன பேசினார் என்று, யார் காதுக்காகவும் எதையும் குறைக்காமல், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். மகள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து கேட்டாள்.